இருபத்தோராம் சோடியைக் கண்ட வைத்தியர்

பிறந்த குழந்தையைத் துணியிற் சுற்றித் தாயின் கையிலே கொடுக்கும் மருத்துவிச்சி, குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொள்வதுண்டு. கண்கள் சற்று மேல்நோக்கிச் சரிந்திருக்கும். மூக்குத்தண்டு தட்டையாயிருக்கும். கைகால்கள் துவண்டு கிடக்கும். உள்ளங்கையை விரித்துப் பார்த்தால் இரண்டு ரேகைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ரேகை குறுக்கே ஓடும். அதன்பின் வீட்டிலே ஒரு விசாரணை தொடங்கும். கிரகண நேரத்தில் வெளியே போனாளா? எதைக் கண்டு பயந்தாள்? எந்த வழியில் வந்த பாவம் இது? குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் எப்போதும் தாய்தான்.

இது நம் ஊர்களுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று எண்ணவேண்டாம். படித்தவர் நிறைந்த ஐரோப்பாவிலும் பெற்றோரின் மேகநோய், காசநோய், குடிப்பழக்கம் என்று வைத்தியர்களே காரணம் கற்பித்த காலம் ஒன்று இருந்தது. அத்தகைய பிள்ளையைப் பெற்ற குடும்பம் ஊர் கண்ணுக்கு ஒளிந்து வாழ்ந்தது. தாயையும் தந்தையையும் அந்தப் பழியிலிருந்து மீட்ட கண்டுபிடிப்போடு பெயர் இணைந்தவர் பிரான்சு தேசத்துக் கத்தோலிக்க வைத்தியர் ஜெரோம் லெஜேன். மீட்ட அதே அறிவு அப்பிள்ளைகளைப் பிறக்கவிடாமற் செய்யும் கருவியாக மாறியதையும் அவர் தம் கண்ணாலேயே காணவேண்டியிருந்தது.

லெஜேன் 1926ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் திகதி பாரிஸ் நகரை அடுத்த மோன்ரூஜ் என்னுமிடத்தில் பிறந்தார். யுத்த காலத்தைக் குடும்பம் எத்தாம்ப் என்ற சிறு பட்டணத்தில் கழித்தது. அங்கே பையன் புத்தகங்களோடு புத்தகமாய் வளர்ந்தான். நாவலாசிரியர் பல்சாக் எழுதிய கிராமத்து வைத்தியரைப் பற்றிய கதையைப் படித்துவிட்டுத் தானும் ஒரு நாட்டுப்புற வைத்தியனாகி ஏழைகளுக்குப் பணிசெய்வதென்று தீர்மானித்தான் என்பர். மருத்துவப் படிப்பு முடிந்தபோது வழி வேறாகத் திரும்பியது. பேராசிரியர் ரேமோன் துர்ப்பேன் என்ற மூத்த குழந்தை வைத்தியர், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அவரை அழைத்துக்கொண்டார். அது 1952. அதே ஆண்டு மே மாதம் முதலாந் திகதி பிர்தே என்ற டென்மார்க்குப் பெண்ணை அவர் மணந்தார். லூத்தரன் சபையிற் பிறந்த அவ்வம்மையார் கத்தோலிக்க திருச்சபையிற் சேர்ந்துகொண்டார். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். பிரயாணம் போனால் நாள் தவறாமல் மனைவிக்குக் கடிதம் எழுதும் பழக்கம் லெஜேனுக்குக் கடைசிவரை இருந்தது. அவரைப் பற்றி நாம் அறிந்தவற்றிற் பாதி அக்கடிதங்களாலேயே தெரியவந்தது.

அக்காலத்தில் இப்பிள்ளைகளுக்கு வழங்கிய பெயரே ஓர் அவமானம். 1866இல் ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கில வைத்தியர் இந்நிலையை விவரித்து எழுதியபோது, முகச்சாயலை வைத்து மொங்கோலிய இனத்தின் பெயரைச் சூட்டிவிட்டார். அது நூறு வருடங்கள் ஒட்டிக்கொண்டது. லெஜேன் முதலில் செய்த வேலை இப்பிள்ளைகளின் உள்ளங்கைகளைப் பார்ப்பது. கைரேகைச் சாத்திரம் என்று யாரும் சிரிக்கவேண்டாம். உள்ளங்கை ரேகைகள் கருவின் முதல் மாதங்களிலேயே அமைந்துவிடுகின்றன. ரேகை மாறியிருந்தால் கோளாறு அதற்கு முன்னரே, கருவின் தொடக்கத்திலேயே நேர்ந்திருக்கவேண்டும். அப்படியானால் தாய் ஐந்தாம் மாதத்தில் பயந்ததோ ஏழாம் மாதத்தில் விழுந்ததோ காரணமாக முடியாது. காரணம் நிறமூர்த்தங்களில் இருக்கலாம் என்று துர்ப்பேன் முன்னரே எண்ணியிருந்தார்.

நிறமூர்த்தம் என்பதைச் சற்று விளக்கவேண்டும். குரோமோசோம் என்று ஆங்கிலத்தில் வழங்குவது இதுவே. நம் உடல் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிக் கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தின் கருவுக்குள்ளும் நூல் துண்டுகள் போன்றவை சோடி சோடியாய் இருக்கின்றன. ஒரு சோடியில் ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. கண்ணின் நிறம் முதல் இருதயத்தின் அறைகள் வரை பிள்ளை எவ்வாறு உருவாகவேண்டும் என்ற குறிப்புகள் அவற்றில் அடங்கியுள்ளன. மனிதனுக்கு இவை 48 என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1956இல் சுவீடனில் வேலைசெய்த, ஜாவாவிற் பிறந்த தியோ என்ற விஞ்ஞானியும் லெவான் என்பவரும் சரியான எண்ணிக்கை 46 என்று காட்டினர். சரியான கணக்குத் தெரிந்த பின்னரே தவறான கணக்கைக் கண்டுகொள்ள முடியும்.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமற் போவது அநியாயம். அவர் டாக்டர் மார்த் கோத்தியே. அமெரிக்காவில் பொஸ்டன் நகரில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், கலங்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் உயிரோடு வளர்க்கும் கலையைக் கற்று வந்திருந்தார். பாரிஸ் துரூசோ வைத்தியசாலையில் அவருக்குக் கிடைத்தது ஓர் அறையும் பழைய உபகரணங்களுந்தான். சொந்தப் பொறுப்பிற் கடன் வாங்கிக் கண்ணாடிப் பொருள்கள் வாங்கினார். சேவலொன்றை வளர்த்து அதன் குருதியிலிருந்து தேவையானதை எடுத்தார். மனிதக் குருதி வேண்டியபோது தமது கையையே நீட்டினார். 1958ஆம் ஆண்டு டவுன் நிலையுள்ள ஒரு பிள்ளையின் கலங்களில் 46க்குப் பதில் 47 நிறமூர்த்தங்கள் இருப்பது அந்த ஆய்வுகூடத்தில் தெரியவந்தது. அவரிடமிருந்த நுணுக்குக்காட்டியிற் படம்பிடிக்கும் வசதி இல்லை. படம்பிடிப்பதற்காகக் கண்ணாடித் தகடுகளை லெஜேன் எடுத்துச் சென்றார். எந்த நிறமூர்த்தம் கூடியிருக்கிறது என்று ஆராய்ந்து, மிகச் சிறியவற்றுள் ஒன்றான இருபத்தோராவது சோடியில் மூன்றாவதொன்று இருப்பதாக முடிவு காணப்பட்டது.

1959 ஜனவரி 26ஆந் திகதி பிரான்சு விஞ்ஞானக் கழகத்துக்குச் சமர்ப்பித்த கட்டுரையில் முதலாவது பெயர் லெஜேன், மூன்றாவது துர்ப்பேன். நடுவில் கோத்தியேயின் பெயர் எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்தது. புகழ் முழுவதும் லெஜேனைச் சேர்ந்தது. அரை நூற்றாண்டு கடந்தபின் அவ்வம்மையார் தம் பக்கத்தை எழுதினார். 2014இல் பிரான்சின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒழுக்கநெறிக் குழு, கல வளர்ப்பு இல்லாமல் இக்கண்டுபிடிப்பு நடந்திராது என்றும், லெஜேனின் பங்கே தலையாயதென்று கொள்ள இடமில்லை என்றும் கருத்துரைத்தது. லெஜேனின் குடும்பத்தாரும் அவர் பெயரால் இயங்கும் நிறுவனமும் அக்காலத்துக் குறிப்புப் புத்தகங்களையும் கடிதங்களையும் காட்டி இதை மறுக்கின்றனர். கோத்தியே 2022இல் காலமானார். சேவல் வளர்த்தவரின் பெயரைத் திருத்தி அச்சிட ஐம்பது வருடம் பிடித்தது நல்லதொரு காரியமல்ல என்பதே எமது எண்ணம். ஒருவரைப் புனிதராக்க விரும்புகிறோம் என்பதற்காக மற்றவருக்குரிய பங்கை மறைக்கத் திருச்சபை யாரையும் கேட்கவில்லை.

எண்ணிக்கை தெரிந்ததால் என்ன பயன்? முதற்பயன், பழி நீங்கியது. சூலோ விந்தோ உருவாகும்போது, பெரும்பாலும் சூலில், சோடியொன்று பிரியாமற் போய்விடுகிறது. அவ்வளவுதான். மேகநோயுமில்லை, சாபமுமில்லை. உலகில் ஏறத்தாழ 700 அல்லது 800 பிறப்புக்கு ஒன்று இவ்வாறு அமைகிறது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்புக் கூடுகிறது. இருபது வயதிற் சுமார் 1500இல் ஒன்றாயிருப்பது, நாற்பதில் 100இல் ஒன்று என்ற அளவுக்கு வருகிறது. ஆயினும் இளந்தாய்மார் தொகையில் அதிகமாகையால் அவர்களுக்கும் இப்பிள்ளைகள் பலர் பிறக்கின்றனர்.

இரண்டாவது பயன், பரிசோதனை. பிள்ளையிடம் சிறிது இரத்தம் எடுத்து, அதிலுள்ள வெண்குருதிக் கலங்களை மூன்று நாளளவில் வளர்த்து, அவை பிரியும் தறுவாயில் மருந்திட்டு நிறுத்தி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் படம்பிடிப்பார்கள். பிறகு, கணினிகள் வருவதற்கு முந்திய நாட்களில், படத்திலுள்ள ஒவ்வொரு நிறமூர்த்தத்தையும் கத்தரிக்கோலால் வெட்டிச் சோடி சேர்த்துக் காகிதத்தில் ஒட்டுவார்கள். லெஜேனின் ஆய்வுகூடத்தில் இவ்வாறு ஆயிரமாயிரம் தாள்கள் நிரம்பின. இதனால் மறுபடியும் இப்படி நேருமா என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல முடிந்தது. இப்பிள்ளைகளில் நூற்றுக்கு 95 பேரளவில் அது தற்செயலாய் நேர்ந்த தனி நிகழ்ச்சி. நூற்றுக்கு மூன்று நான்கு பேரிலே, கூடுதலான துண்டு வேறொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டியிருக்கும். அவ்விதமானால் தாயோ தந்தையோ அதைத் தம்மிடம் அறியாமற் சுமந்திருக்கலாம். ஆகவே அவர்களையும் சோதிக்கவேண்டும். இருதயத்திற் பழுது ஏறக்குறையப் பாதிப்பேருக்கு உண்டு. தைரொயிட் சுரப்பி, கேள்வி, பார்வை ஆகியவற்றையும் காலத்தோடு பார்த்தால் திருத்தக்கூடியவை பல. 1980களின் தொடக்கத்தில் இப்பிள்ளைகளின் சராசரி ஆயுள் வசதிபடைத்த நாடுகளிற்கூட 25 வயதளவாயிருந்தது. அது பின்னர் 60ஐ எட்டியதற்கு இருதய சத்திரசிகிச்சையும் இத்தகைய கவனிப்புமே முக்கிய காரணம்.

1961இல் பழைய இனப்பெயரைக் கைவிடுமாறு லான்செற் என்ற மருத்துவ சஞ்சிகைக்கு விஞ்ஞானிகள் 19 பேர் எழுதிய கடிதத்தில் லெஜேனும் துர்ப்பேனும் ஒப்பமிட்டனர். 1962 டிசம்பரில் அமெரிக்க சனாதிபதி ஜோன் கெனடியின் கையால் கெனடி நிறுவனத்தின் பரிசு லெஜேனுக்குக் கிடைத்தது. சனாதிபதியின் சொந்தச் சகோதரி ஒருவரும் மூளை வளர்ச்சி குன்றியவர் என்பதை நினைவிற்கொண்டால் அப்பரிசின் பொருள் விளங்கும். 1963இல், பூனைக்குட்டி போல அழும் குழந்தைகளில் ஐந்தாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு இல்லாதிருப்பதை லெஜேனும் துணைவரும் கண்டறிந்தனர். 1964இல் பாரிஸ் மருத்துவ பீடத்தில் பிறப்புரிமையியலுக்கென முதன்முதல் ஏற்படுத்திய பேராசிரியர் பதவி அவருக்கே வந்தது. நோபல் பரிசும் தூரமில்லை என்று பலர் பேசிக்கொண்டனர்.

ஆனால் அவர் மனம் நெக்கர் குழந்தை வைத்தியசாலையில் நடத்திய கிளினிக்கிலேயே இருந்தது. பெற்றோர் வந்து அமர்ந்ததும் அவர் முதலிற் பார்ப்பது பிள்ளையை. நோயின் பெயரால் எப்பிள்ளையையும் குறிப்பிடமாட்டார். பிள்ளையின் பெயரைச் சொல்லியே பேசுவார். வருடங்கள் கழித்து வந்தாலும் பெயர் நினைவிலிருக்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல தேசங்களிலிருந்தும் அவரிடம் போயின. கூடியிருக்கும் நிறமூர்த்தத்தின் கேட்டை அடக்கும் மருந்து ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் உறுதியாக நம்பினார். உடலின் இரசாயன மாற்றங்களில் எங்கே பிழைக்கிறது என்று இறுதிவரை தேடினார்.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. 1966இல் பன்னீர்க்குடத்து நீரை ஊசியால் எடுத்து அதிலுள்ள குழந்தையின் கலங்களை வளர்த்து நிறமூர்த்தங்களை எண்ணலாம் என்று அமெரிக்காவிற் காட்டினர். 1968இல் பிறவாத ஒரு குழந்தை டவுன் நிலையுடையதென்று இம்முறையால் அறியப்பட்டது. சிகிச்சை ஒன்றும் கையில் இல்லை. ஆகவே கண்டறிந்தபின் செய்யக்கூடியதாக உலகம் கண்டது ஒன்றே: கருவை அழிப்பது.

1969இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் அமெரிக்க மானிட பிறப்புரிமையியற் சங்கம் தன் உயர்ந்த விருதை லெஜேனுக்கு அளித்தது. மண்டபம் நிறைய அவருடைய துறையைச் சேர்ந்த பெரியவர்கள். நன்றி கூறி அமர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, கருவுற்ற முதற்கணமே அது மனிதன் என்றும், நோயை ஒழிப்பதற்கு நோயாளியை ஒழிப்பது வைத்தியமாகாது என்றும் பேசினார். கைதட்டல் எழவில்லை என்பர். அன்று மாலை மனைவிக்கு எழுதுகையில், நோபல் பரிசை இன்றே இழந்துவிட்டதாகக் குறிப்பிட்டார் என்று குடும்பத்தார் கூறுகின்றனர்.

பிரான்சிலும் 1970ஆம் ஆண்டளவில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டமூலம் பற்றிய பேச்சு எழுந்தது. தொலைக்காட்சியில் இது விவாதிக்கப்பட்ட மறுநாள் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த டவுன் நிலையுடையவன், கிளினிக்கிற்கு அழுதுகொண்டு வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். தங்களைக் கொல்லப்போகிறார்களென்றும், தாங்கள் சிறியவர்களாகையால் தங்களுக்குப் பேசத் தெரியாதென்றும், அவரே தங்களைக் காக்கவேண்டுமென்றும் கேட்டான். இச்சம்பவத்தை அவருடைய மகள் பிற்காலத்தில் எழுதிய நூலிற் காணலாம். அதன்பிறகு லெஜேன் ஓயவில்லை. கூட்டங்களிற் பேசினார். கூட்டங்கள் குழப்பப்பட்டன. மருத்துவ பீடத்துச் சுவர்களில் அவரைக் கொலைகாரன் என்று எழுதினார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற நின்றவருக்கு இந்தப் பெயர்! 1975 ஜனவரியிற் சட்டம் நிறைவேறியது. குழந்தைக்குத் தீராத கடும் நோய் உண்டென்று வைத்தியர்கள் சான்றளித்தால் கால எல்லையின்றிக் கருவைக் கலைக்க அச்சட்டம் இடமளித்தது. லெஜேனுக்கு அழைப்புகள் குறைந்தன. ஆராய்ச்சிப் பணமும் குறுகியது.

அவர் பேச்சிற் கடுமை இருந்தது என்று அவரை மதித்தவர்களிலும் சிலர் சொல்வதுண்டு. பயந்து நிற்கும் ஒரு தாயின் முன் வாதம் மட்டும் போதாதுதான். ஆனால் அவருடைய கிளினிக்குக் கதவு மூடப்பட்டதில்லை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். பெற்றுக்கொள் என்று சொல்லிவிட்டுக் கைகழுவியவரல்லர். பெற்றபின் வளர்க்க உதவினார்.

பரிசோதனையையே அவர் எதிர்த்தார் என்று நினைப்பது பிழை. எண்ணும் முறையை மேலும் துல்லியமாக்க, நிறமூர்த்தங்களைக் கோடுகளாகச் சாயமிடும் ஒரு முறை 1971இல் அவருடைய ஆய்வுகூடத்திலேயே தோன்றியது. திருச்சபையின் போதனையும் இவ்வாறானதே. 1987 பெப்ரவரியில் உரோமாபுரியிலிருந்து வந்த விசுவாசக் கோட்பாட்டுச் சங்கத்தின் அறிவுரை, பிறக்குமுன் செய்யும் பரிசோதனை தாய்க்கும் சேய்க்கும் அளவுமீறிய ஆபத்தின்றி, குழந்தையைக் காக்கவோ குணப்படுத்தவோ நோக்கங்கொண்டிருந்தால் ஏற்புடையது என்கிறது. குறை கண்டால் அழித்துவிடுவது என்ற எண்ணத்தோடு செய்வதையே அது கண்டிக்கிறது. இருதயப் பழுது முன்கூட்டித் தெரிந்தால் தகுந்த வைத்தியசாலையிற் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். தாய் தந்தையர் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளலாம். 1997இல், தாயின் இரத்தத்திலேயே குழந்தையின் பரம்பரைப் பொருள் மிதப்பது கண்டறியப்பட்டது. 2011 முதல் தாயின் கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு இரத்தத்தால், பத்தாவது வாரமளவிலேயே சோதிக்கும் முறை விற்பனைக்கு வந்தது. அது வாய்ப்பைச் சொல்லுமேயன்றி முடிவைச் சொல்லாது. பன்னீர்க்குட நீரைச் சோதித்தே உறுதிசெய்யவேண்டும். அதிலே கரு கலையும் ஆபத்துச் சிறிதளவு உண்டு. ஆகையால் ஒரு காகிதத்தைக் கண்டு அவசரப்படுவதற்குமுன் வைத்தியரிடம் இவற்றைக் கேட்டறிவது பெற்றோரின் உரிமை. லெஜேனின் தாய்நாட்டிலோ, சோதனையில் இந்நிலை உறுதியான குழந்தைகளிற் பெரும்பாலானவை பிறப்பதேயில்லை.

பாப்பரசர்களின் நம்பிக்கையை அவர் பெற்றிருந்தார். 1974இல் பாப்பரசரின் விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினரானார். 1981 டிசம்பரில் அணு யுத்தத்தின் கொடுமையை விளக்க மொஸ்கோ சென்று பிரெஷ்னேவைச் சந்தித்த குழுவில் இருந்தார். அதே ஆண்டு மே 13ஆந் திகதி, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் புனித இராயப்பர் சதுக்கத்திற் சுடப்பட்ட அன்று, மதிய உணவை அவரோடு உண்டவர்கள் லெஜேனும் மனைவியுமே. 1994 பெப்ரவரி 26இல் உயிருக்கான புதிய பாப்பரசர் கழகத்துக்கு அவர் முதல் தலைவராக நியமனம் பெற்றார்.

அப்போது அவர் சாகக் கிடந்தார். முந்திய நவம்பரில் சுவாசப்பையிற் புற்றுநோய் கண்டிருந்தது. பெரிய வாரத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். தம் சிறிய நோயாளிகளைக் குணப்படுத்தவேண்டியவன் தானேயென்றும், மருந்தைக் காணாமலே அவர்களை விட்டுப்போவதாகத் தோன்றுகிறதென்றும் பிள்ளைகளிடம் சொல்லிக் கண்கலங்கினார். ஏப்ரல் 3ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில் இறந்தார். வயது 67.

பாரிஸ் நோத்ர டாம் பேராலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது. ஒழுங்குபடுத்திய நிகழ்ச்சியில் இல்லாத ஒன்று அங்கே நடந்தது. டவுன் நிலையுடைய ஒருவர், லெஜேனின் பழைய நோயாளி, எழுந்து ஒலிவாங்கியண்டை போய், தமது தகப்பனுக்கும் தாய்க்கும் லெஜேன் செய்தவற்றுக்காகவும், அவராலே தாம் தம்மைக் குறித்துப் பெருமைப்பட முடிந்ததற்காகவும் எல்லோர் முன்னும் நன்றி சொன்னார்.

1997 ஆகஸ்டில், உலக இளைஞர் மாநாட்டுக்காக பிரான்சு சென்ற பாப்பரசர், அங்கே எழுந்த எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, சாலோ சென் மார் கிராமத்திலுள்ள தம் நண்பரின் கல்லறைக்குப் போய்ச் செபித்தார். 2021 ஜனவரி 21இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். பிர்தே அம்மையார் அதைக் காணவில்லை. முந்திய ஆண்டே காலமாகியிருந்தார். லெஜேன் தேடிய மருந்து இதுவரை கிடைக்கவில்லை. பாரிசில் அவர் பெயரால் அமைந்த சிகிச்சை நிலையத்தில் அவருடைய பழைய நோயாளிகளின் இடத்தில் புதிய பிள்ளைகள் வந்து அமர்கின்றனர். ஆய்வுகூடங்களில் தேடுதல் நடக்கிறது.